சிறை மீண்டாருக்கு என்ன திணை?

(நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு 'புறத்திணையில் வீரச் சிறப்பு' என்பது. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் பத்துப் பதினைந்து முறையேனும் பேசிய தலைப்புத்தான். வெட்சியில் தொடங்கி வாகையில் முடித்து, நடுகல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் இம்முறை குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது ஒரு கேள்வி வந்து வழிமறித்தது. வென்றவனுக்கு வாகைப்பூ இருக்கிறது. மாண்டவனுக்குக் கல் இருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார். பகைவன் கையில் அகப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்து, உயிரோடு வீடு திரும்பியவனுக்கு என்ன பூ? என்ன துறை? தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தலைப்பை மாற்றிக்கொண்டதற்குச் செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

சிறைப்பட்ட வீரன் என்றவுடன் தமிழ் படித்தவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தான். தண்ணீர் கேட்டான்; உடனே வரவில்லை; பின்பு வந்தபோது பருகாமல் உயிர்விட்டான் என்கிறது புறநானூற்று எழுபத்து நான்காம் பாட்டின் அடிக்குறிப்பு. அந்தக் குடவாயில்தான் இன்றைய குடவாசல் என்பர். திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டுதான் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்கு மானம் கற்பித்து வருகிறோம். நானும் முப்பது ஆண்டுக்குமேல் கற்பித்தவன். அகப்பட்டவன் சாக வேண்டும். சாகாமல் வந்தவன் ஏதோ குறைபட்டவன். இதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பாடம் அப்படித்தான் பிள்ளைகள் மனத்தில் பதிகிறது.

இதே அரசனைப் பற்றி இன்னொரு வழக்கும் உண்டு. பொய்கையார் களவழி நாற்பது பாடிச் செங்கணானை மகிழ்வித்துச் சேரனைச் சிறையிலிருந்து மீட்டார் என்பது அது. கலிங்கத்துப் பரணி பாடிய சயங்கொண்டாருக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்கிறது. சேரன் இறந்தானா, மீண்டானா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இறந்த சேரனுக்கு ஒரு பாட்டு இருக்கிறது, ஊரறிந்த பாட்டு. மீண்ட சேரன் அதன் பிறகு என்ன செய்தான், எப்படி இருந்தான், அவன் குடிகள் அவனை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மீண்டவனோடு கதை நின்றுவிடுகிறது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இப்படி மீண்டு வந்த ஒரு தமிழர் பிற்காலத்தில் இந்தியத் தரைப்படைக்கே தலைமை தாங்கினார். அவர் தளபதி பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். இளைஞர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. 1913ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் பிறந்தவர். தந்தையார் டாக்டர் சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தாயார் ராதாபாய் அம்மையார் மங்களூர்க்காரர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட பெண்மணி. தம்பி மோகன் குமாரமங்கலமும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனவர்கள். பிள்ளை ஈட்டன் பள்ளியில் படித்தார். ஊல்விச் இராணுவக் கழகத்தில் பயின்றார். 1933இல் அரச ஆணை பெற்ற படை அதிகாரியானார்.

அவர் சேர்ந்தது பீரங்கிப் படை. இதில் ஒரு பழைய கதை உண்டு. 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியர் கையில் பீரங்கி கொடுக்க அஞ்சினார்கள். மலைப் பீரங்கி அணிகள் சில நீங்கலாக, ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் களப் பீரங்கி முழுவதும் வெள்ளையர் கையிலேயே இருந்தது. 1935 சனவரியில்தான் பெங்களூரில் இந்தியரைக் கொண்ட முதற்களப் பீரங்கிப் படைப்பிரிவு அமைந்தது. அதில் பணியாற்றிய முதல் இந்திய அதிகாரிகளுள் குமாரமங்கலமும் ஒருவர். பீரங்கிப் படைக்கு இன்னொரு மரபும் உண்டு. காலாட்படைக்குக் கொடி இருக்கும். பீரங்கிப் படைக்குத் தனிக் கொடி இல்லை. பீரங்கியே அதன் கொடி. அதைப் பகைவனிடம் விட்டு வருவது கொடியை விட்டு வருவதற்கு ஒப்பு.

1942 மே 27ஆம் நாள். வட ஆப்பிரிக்காவில், லிபியப் பாலைவனத்தில், பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேடு நிலைகொண்டிருந்தது. வந்து சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. நிலையைச் சரிவர அரண் செய்துகொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. ரோமல் தம் படையை முன்னிரவிலேயே தெற்கு வழியாகச் சுற்றி நடத்திக்கொண்டு வந்துவிட்டார். காலையில் இத்தாலியரின் ஆரியத்தே டாங்கிப் படை வந்து மோதியது. பிரிகேடிடம் டாங்கிகள் இல்லை. குதிரைப்படை என்று பெயர் கொண்ட மூன்று ரெஜிமெண்டுகள் லாரிகளில் இருந்தன. அவற்றோடு இரண்டாம் இந்தியக் களப் பீரங்கி ரெஜிமெண்டின் இருபத்தைந்து பவுண்டுப் பீரங்கிகள் இருந்தன. நேருக்கு நேர் வரும் டாங்கிகளைக் களப் பீரங்கியால் சுடுவது உலக்கையால் பல் குத்துவதைப் போன்ற வேலை. அதையும் செய்தார்கள். டாங்கிகள் பல எரிந்தன. ஆனால் வந்தவை அதிகம். காலை முடிவதற்குள் நிலை வீழ்ந்தது. அந்தக் காலைப்பொழுதில் காட்டிய வீரத்திற்காகத்தான் மேஜர் குமாரமங்கலத்திற்கு டி.எஸ்.ஓ. என்னும் உயரிய படை விருது கிடைத்தது. அந்தப் போரில் அவர் பகைவர் கையில் அகப்பட்டார்.

இந்தக் களத்தில் நடந்த வேறு இரண்டு செய்திகளையும் சொல்ல வேண்டும். அன்று சிறைபிடிக்கப்பட்டவர்களில் சில நூறு பேரைப் பகைவரே பாலைவனத்தில் விட்டுவிட்டார்கள். அருளால் அன்று, அத்தனை பேருக்கும் கொடுக்கத் தண்ணீர் இல்லை என்பதால். நாவறண்டு தள்ளாடித் தள்ளாடி அவர்கள் பிர் ஹக்கீமில் இருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் குடவாயிற் கோட்டந்தான் நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீர் வரத் தாழ்த்தது. ஓர் உயிர் போயிற்று. இங்கே தண்ணீர் இல்லாததே விடுதலைக்குக் காரணமாயிற்று.

மற்றொன்று, அங்கே அகப்பட்ட ஒரு கிழவரைப் பற்றியது. அட்மிரல் வால்டர் கவன், எழுபது வயது. கடற்படையில் ஓய்வு பெற்ற பின்பும் வீட்டில் இருக்க மாட்டாமல் போருக்கு வந்து, நம் பதினெட்டாம் குதிரைப்படையோடு ஒட்டிக்கொண்டவர். ஒரு டாங்கியைக் கைத்துப்பாக்கியோடு எதிர்த்து நின்றிருக்கிறார். இத்தாலியர் பிடித்துக்கொண்டு போய், மறு ஆண்டு விடுவித்தார்கள். வந்தவர் சும்மா இருந்தாரா? மீண்டும் போருக்குப் போனார். முதல் டி.எஸ்.ஓ. விருதை 1898இல் வாங்கியவர், இரண்டாவதை 1944இல் வாங்கினார். போர் முடிந்தபின் 1946இல் அந்தப் பதினெட்டாம் குதிரைப்படை அவரைத் தன் மதிப்புறு கர்னலாக ஏற்றுக்கொண்டது. சிறை மீண்ட கடற்படைத் தளபதிக்கு ஓர் இந்தியத் தரைப்படை ரெஜிமெண்டு செய்த மரியாதை இது. தங்களோடு நின்று தங்களோடு அகப்பட்டவர் என்ற ஓர் உறவுதான் அதற்குக் காரணம். எனக்குத் தெரிந்த படை மரியாதைகளில் இதைப் போல் மனத்துக்கு இதமானது வேறில்லை.

குமாரமங்கலம் இத்தாலியில் சிறை வைக்கப்பட்டார். வட ஆப்பிரிக்காவில் அகப்பட்ட இந்திய அதிகாரிகள் பலர் அங்கே ஒரே முள்வேலிக்குள் இருந்தார்கள். யாகியா கான் அங்கே இருந்தார். சாகிப்சாதா யாகூப் கான் இருந்தார். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது காவல் தளர்ந்தது, பலர் தப்பினார்கள். குமாரமங்கலமும் யாகூப் கானும் வேறு தோழர்களும் தப்பி மலைப்பக்கம் போனார்கள். அக்காலத்தில் இத்தாலியக் குடியானவர்கள் இப்படித் தப்பி வந்தவர்களைத் தங்கள் வீடுகளிலும் வைக்கோற் போர்களிலும் மறைத்துவைத்துச் சோறு போட்டார்கள். பிடிபட்டால் தங்கள் தலை போகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஆயினும் ஜெர்மானியர் குமாரமங்கலத்தை மீண்டும் பிடித்துவிட்டார்கள். இம்முறை அனுப்பிய இடம் சாகன் என்ற ஊரிலிருந்த, கடுங்காவல் கொண்ட முகாம். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது. 1944 மார்ச்சில் சுரங்கம் தோண்டி எழுபத்தாறு பேர் வெளியேறினார்களே, அவர்களில் ஐம்பது பேரைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்களே, அந்த முகாம்தான். போர் முடிகிற வரை அவருக்குச் சிறைவாசந்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. வீட்டுக்குள்ளேயே இருந்த முரண். அண்ணன் ஆங்கிலப் பேரரசின் படை அதிகாரி. தம்பி மோகனையோ அதே ஆங்கில அரசு 1941இல் சென்னைச் சதி வழக்கில் சிறையிலடைத்தது. அண்ணன் ஆங்கிலேயருக்காகப் போரிட்டு அவர்களுடைய பகைவரிடம் சிறைப்பட்டார். தம்பி ஆங்கிலேயரை எதிர்த்து அவர்களிடமே சிறைப்பட்டார். ராதாபாய் அம்மையார் இரண்டு பிள்ளைகளையும் எப்படி நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று ஒரு நாவலாசிரியர் எழுதலாம். நம் வட்டத்திலேயே எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

போர் முடிந்தது, மீண்டு வந்தார். வந்தவரைப் படை ஒதுக்கவில்லை. படிப்படியாக உயர்ந்து, சீனப் போருக்கு மறு ஆண்டான 1963இல் கிழக்குப் பிராந்தியப் படைத் தலைவரானார். 1966 சூன் 8ஆம் நாள் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மூன்றாண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1967 செப்டம்பரில் நாதூ லாவில் சீனப் படையோடு மோதல் மூண்டு நம் படை உறுதியாக நின்றது அவர் தலைமையின்போதுதான். 1969இல் ஓய்வு பெற்றார். பத்ம விபூஷண் விருது 1970இல் வந்தது. 2000 மார்ச் 13இல் மறைந்தார்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் பதவியேற்ற மூன்றாம் திங்களில், 1966 செப்டம்பரில், பாகிஸ்தான் தரைப்படையின் தலைமைக்கு வந்தவர் யாகியா கான். ஒரு காலத்தில் இத்தாலியில் ஒரே கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த இருவர், எல்லையின் இரு பக்கத்திலும் இரு படைகளுக்குத் தலைவர்களாக நின்றார்கள். சிறை ஒன்றுதான்; மீண்டவர்கள் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. 1971இல் கிழக்கு வங்கத்தில் யாகியா கான் என்ன செய்தார் என்பது உலகறிந்தது. அங்கே படைத் தலைமையில் இருந்த யாகூப் கான், மக்களைப் படைகொண்டு அடக்க உடன்படாமல் பதவி விலகினார் என்பதும் உலகறிந்ததே. சிறையில் கிடந்தவன் உத்தமனாகித்தான் வருவான் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. நான் கேட்பது அதுவன்று. அவனைக் குறைந்தவனாகக் கருதலாமா என்பதுதான் என் கேள்வி.

பிற நாடுகளில் இந்தக் கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள்? 1942 மே 6ஆம் நாள் பிலிப்பைன்ஸில் கொரஹிடோர் தீவை ஜப்பானியரிடம் ஒப்படைத்துச் சரணடைந்தவர் அமெரிக்கத் தளபதி வெயின்ரைட். அவ்வளவு பெரிய அமெரிக்கப் படையைச் சரணடையச் செய்தவன் என்று நாடு தன்னைத் தூற்றும் என்று மூன்றாண்டுக்கு மேல் சிறையில் வெந்துகொண்டே இருந்தார். அவருக்கு நாட்டின் தலையாய வீர விருதை வழங்கலாம் என்று 1942இலேயே ஒரு பேச்சு எழுந்தது. மேலதிகாரியான மக்கார்தர் ஒப்பவில்லை. 1945 ஆகஸ்டில் மஞ்சூரியாவில் விடுதலையானபோது எலும்பும் தோலுமாக இருந்தார். செப்டம்பர் 2ஆம் நாள் மிசூரிக் கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, கையெழுத்திடும் மக்கார்தருக்குப் பின்னே அவரைத்தான் நிறுத்திவைத்தார்கள். நான்கு நட்சத்திரத் தளபதியாக உயர்த்தினார்கள். நியூயார்க் நகரமே தெருவில் திரண்டு வரவேற்றது. மறுக்கப்பட்ட அந்த விருதை அதே திங்களில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் கையால் அணிவித்தார்.

அந்தக் கப்பலில் வெயின்ரைட்டுக்கு அருகில் இன்னொருவர் நின்றார். சிங்கப்பூரைச் சரணடைவித்த ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல். அவரும் மூன்றரை ஆண்டு சிறையில் கிடந்தவரே. அவருக்கு ஊர்வலம் இல்லை. அவர் நிலைத் தளபதிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 'சர்' பட்டமும் கிடைக்கவில்லை. தம்மோடு சிறைப்பட்டிருந்தவர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, அவர்களுக்கு இழப்பீடு கேட்டுப் போராடி, 1966இல் மறைந்தார். ஒரே மேடையில் நின்ற இருவருக்கு இரு விதமான வரவேற்பு. வெயின்ரைட்டின் நாடு தான் முதலில் அவருக்குச் செய்யத் தவறியதை எண்ணி இரங்கியது. பெர்சிவலின் நாடு தான் இழந்த சிங்கப்பூரை எண்ணி இரங்கியது. அவ்வளவுதான் வேறுபாடு என்று எனக்குப் படுகிறது.

சிங்கப்பூர் என்றதும் அவையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். ஆம், நம் அறந்தாங்கிப் பக்கத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத ஊர் ஏது? 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அகப்பட்ட இந்தியப் படையினர் பல்லாயிரவர். அவர்களில் என் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல வேண்டாம். அவர் வீட்டார் இங்கேயே இருக்கிறார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சாதாரணச் சிப்பாய்.

அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் சிறையிலும் வேறுபாடு உண்டு. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி, சிறைப்பட்ட அதிகாரிகளை வேலை வாங்கக் கூடாது, சிப்பாய்களை வாங்கலாம். இத்தாலியில் குமாரமங்கலத்துக்கு அந்த உடன்படிக்கையின் நிழலாவது இருந்தது. ஜப்பான் கையெழுத்திட்டதே தவிர அதை ஏற்று உறுதி செய்யவில்லை. பெரியப்பாவைக் கப்பலில் ஏற்றி நியூ பிரிட்டன் தீவில் ரபவுல் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், குகை வெட்டினார். வேளைக்கு ஒரு கைப்பிடி அரிசி. அதுவும் பின்னாளில் இல்லை. 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியர் வந்து மீட்டார்கள்.

அவர் அறந்தாங்கி இரயிலடியில் வந்து இறங்கியது 1946இல். வீட்டில் அவருக்குக் கருமாதியே முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. காணவில்லை என்ற அரசாங்கக் கடிதத்தை இறந்துபோனார் என்று யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா தாலியைக் கழற்றிவிட்டார். உயிரோடு வந்து நின்றவரைப் பார்த்து மகிழ்வதா, செய்த சடங்கை எப்படித் திருப்புவது என்று திகைப்பதா என்று வீட்டுக்குப் புரியவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்து மறுபடி தாலி கட்டினார்கள். ஊர் அதை ஒரு வேடிக்கைக் கதையாகப் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தது. என் தகப்பனார் சொல்லி நான் கேட்டது இது.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அப்போது செங்கோட்டை வழக்கு நடந்து முடிந்திருந்த நேரம். நேதாஜியின் படையில் இருந்தவர்களை நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது, நியாயந்தான். ஊர் இளைஞர்கள் பெரியப்பாவிடம் வந்து, "நீங்க ஏன் அந்தப் படையில சேரல?" என்று கேட்டார்களாம். அவர் பதில் சொல்லவில்லை. அவர் ஏன் சேரவில்லை என்பதை யாருக்கும் கடைசி வரை சொன்னதில்லை. சேர்ந்தவர்களுக்கும் ஊர்வலம் ஓய்ந்தபின் ஒன்றும் மிஞ்சவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் படையிலும் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் ஓய்வூதியம் அவர்களுக்கு வந்து சேர 1972 ஆயிற்று. சேர்ந்தவனும் காத்திருந்தான், சேராதவனுக்கோ காத்திருக்கக்கூட ஒன்றும் இல்லை. இந்த இரு சாராரில் எவர் செய்தது சரி என்று முள்வேலிக்கு வெளியே பிறந்த நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கோயில் திருவிழாவில் மரியாதை வரிசை வரும்போது பெரியப்பா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். யாரும் அவரை அங்கே நிறுத்தவில்லை, அவராகவே நிற்பார். அந்தப் பழக்கத்தை நானே சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அப்போது காரணம் விளங்கவில்லை.

1966இல் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். அப்போது அறந்தாங்கி தஞ்சை மாவட்டத்தில் இருந்தது; புதுக்கோட்டை மாவட்டம் பிறக்க இன்னும் எட்டாண்டு இருந்தது. மாலையில் திண்ணையில் பெரியவர்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவது என் வேலை. ஒரு நாள், தமிழர் ஒருவர் தரைப்படைத் தலைமைத் தளபதியானார் என்ற செய்தியைப் படித்தேன். பிறந்த ஊர், தந்தையார் பெயர் எல்லாம் படித்து, உலகப்போரில் போர்க்கைதியாக இருந்தவர் என்ற வரிக்கு வந்தேன். திண்ணை ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பு, அத இன்னொருக்கா படி" என்றார்.

படித்தேன்.

"கைதியா இருந்தவரா? நல்லாப் பாத்துப் படி."

மூன்றாம் முறையும் படித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்துவிட்டார். அன்றிரவு சாப்பாட்டின்போது, ரபவுல் என்ற அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டதாகப் பெரியம்மா பிற்பாடு என் தாயாரிடம் சொன்னார். கல்யாணமாகி, கருமாதியாகி, மறுதாலியுமாகி இருபதாண்டு கழித்து!

தளபதி குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருதைத் தந்தது அவர் அகப்படும் முன் நின்ற ஒரு காலைப்பொழுதுக்காக. அதற்குப் பிந்திய மூன்றாண்டுக்காக அன்று. ஆனாலும் ஒரு நாடு, அகப்பட்டு மீண்ட ஒருவரிடம் தன் படை முழுவதையும் ஒப்படைத்தது. அந்த ஒப்படைப்பைத்தான் அவருக்குச் செய்த பெரிய படை மரியாதையாக நான் கருதுகிறேன். இருபத்தொரு குண்டு முழங்குவதைவிட அது பெரிது. அந்த மரியாதை எப்படியோ ஒரு செய்தித்தாளில் ஏறி, இரயிலில் வந்து, எங்கள் திண்ணை வரை எட்டியது.

இளங்கோவடிகள் இதை அறிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. செங்குட்டுவன் வடக்கே சென்று கனகனையும் விசயனையும் சிறைபிடித்துக் கண்ணகிக்குரிய கல்லை அவர்கள் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தான் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதற்குப் பின் நடந்ததை நாம் வகுப்பில் விரைந்து கடந்துவிடுகிறோம். சிறைப்பட்டவர்களைச் சோழ பாண்டியருக்குக் காட்டிவர அனுப்பினான். அவ்விருவரும் மெச்சவில்லை, வாளைப் போட்டுவிட்டுத் தவவேடத்தில் ஓடியவர்களைப் பிடித்து வந்தது என்ன வெற்றி என்ற பொருள்பட இகழ்ந்தார்கள். செங்குட்டுவனுக்குச் சினம் பொங்கியது. மாடலன் என்னும் மறையவன் அறம் சொல்லி அவனை ஆற்றுவிக்கிறான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? அந்த ஆரிய மன்னரைச் சிறை நீக்கி, வஞ்சி நகர்ப்புறத்து வேளாவிக்கோ மாளிகையில் தங்கவைத்து, அவர்களுக்கு வேண்டிய சிறப்புகளைச் செய்யுமாறு வில்லவன் கோதைக்கு ஆணையிட்டான். அதோடும் விடவில்லை இளங்கோ. வரந்தரு காதையில், பத்தினிக் கோட்டத்தின் முன்னே கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் நிற்கும் வரிசையில், சிறை நீங்கிய அந்த மன்னர்களையும் நிறுத்துகிறார். தூணுக்குப் பின்னால் அன்று, வரிசையில்.

தொல்காப்பியத்தில் துறை இல்லாவிட்டால் போகிறது. சிலம்பில் ஓர் இடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் வட்டம் இந்தப் பத்தாண்டில் சுற்றுவட்டாரத்து நடுகற்களைத் தேடிப் படியெடுத்து வந்திருக்கிறது, நல்ல பணி. மாண்டவர்களுக்கு வேறு பட்டியல்களும் இருக்கின்றன. சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருபத்து நாலாயிரம் பெயருக்குமேல் வெட்டி வைத்திருக்கிறார்கள். மீண்டு வந்தவர்கள் அந்தச் சுவரில் இல்லை. மலேயாவிலும் பர்மாவிலும் சயாம் இரயில்பாதையிலும் ஆப்பிரிக்காவிலும் அகப்பட்டு, நம் வட்டத்து ஊர்களுக்குத் திரும்பி வந்தவர்கள் யார் யார் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காவது இன்று தெரியும். இன்னும் பத்தாண்டு போனால் தெரியாது. படையாளா, தோட்டக் கூலியா என்று பார்க்க வேண்டாம். எந்தப் படையில் சேர்ந்தார், சேரவில்லை என்றும் கேட்க வேண்டாம். பெயர், ஊர், போன ஆண்டு, வந்த ஆண்டு. வீட்டார் விரும்பிச் சொன்னால் ஒரு பக்கம் குறிப்பு. ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கத்து அன்பர்கள் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நாற்பது பக்கக் கோட்டு நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயரை அவர் மகனிடம் கேட்டுக்கொண்டு எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அது அந்த மேசைமேல் இருக்கும், பேனாவும் வைத்திருக்கிறேன்.